ஐஸ் ரோட்டில் கிஷன்

சவப்பெட்டியைச் சுற்றி நின்ற கூட்டம், கிஷன் அனுப்பிய வீடியோ வந்ததும் கைப்பேசியைச் சூழ்ந்துகொண்டது.

டொராண்டோவில் விடிய விடிய ஐஸ் மழையாம். மரம், கம்பி, கார் எல்லாம் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டதுபோல் மின்னின. அந்தத் தெருவில் நடந்துகொண்டே எடுத்த படம்.

“பாருங்கம்மா, வீட்ட விட்டு இறங்குனா ரோடு பூரா ஐஸ். ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. நான் எப்படிம்மா வருவேன்?” என்றது கிஷனின் குரல்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் வந்த காரியத்தை மறந்து வாயைப் பிளந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தனக்கும் அனுப்பச் சொன்னார்.

தனலெட்சுமிக்குப் படம் ஒன்றும் தெரியவில்லை. புருஷன் இராமலிங்கம் போனதிலிருந்து அழுத கண். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தாள் என்றே நினைவில்லை. மகனின் குரலை மட்டும் கேட்டாள்.

மறுபடி போடச் சொன்னாள். மகள் மலர் போட்டாள். பெற்ற மனம் என்று உறவுகள் உச்சுக்கொட்டின.

தனலெட்சுமி கைப்பேசியை வாங்கிக் காதோடு வைத்துக் கேட்டாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். கூடாரமும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான் இருந்தன.

கைப்பேசியில், கிஷனின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு ஒலிபெருக்கி கூவிக்கொண்டே போனது. சூராட் காபார் லாமா, பெசி பூரோக். பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்கும் லோரி. மலேசியாவில், இந்தக் கிளாங்கில் எல்லாத் தாமான் குடியிருப்பையும் சுற்றும் அதே மலாய்க் குரல்.

அந்த லோரி கனடாவுக்குப் போகாது.

எப்போது திரும்பினான், ஏன் ஒளிந்தான், யார் எடுத்த படத்தில் பேசினான், எதுவோ போகட்டும். அதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால் இராமலிங்கம் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோதும் வாசலையே அல்லவா பார்த்துக் கிடந்தார்! பாவி, அவரையுமா ஏமாற்றினான்?

தனலெட்சுமி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகனுக்குக் குரல் செய்தி அனுப்பினாள்.

“அப்பாவ நாலு மணிக்கு எடுக்குறாங்க. நீ எங்க இருந்தாலும் காடி எடுத்தா வந்துரலாம். யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க, நான் பார்த்துக்கிறேன். வாய்யா.”

மூக்குக்கண்ணாடி ஃபிரிஜ்மேல்தான் இருந்தது. மாட்டிக்கொண்டு பார்த்தாள். இரண்டு குறிகளும் நீலமாயின. டைப் செய்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி வரவேயில்லை.

நேரம் தாண்டியும் பெட்டியை மூட அவள் விடவில்லை. பெரியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் இராமலிங்கத்தின் அண்ணன் மகன் பாலன் கொள்ளிச்சட்டியைத் தூக்கினான்.

வண்டி கிளம்பியதும் பக்கத்து வீட்டு அக்கா அவள் தோளை அணைத்துக்கொண்டார்.

“பாவம்லா உங்க பையன். அந்த ஐஸ் மட்டும் இல்லன்னா பறந்து வந்திருப்பான்.”

“ஆமாக்கா” என்றாள் தனலெட்சுமி. “அங்க ரொம்ப ஐஸ்.”