லாடம் அடித்த பூட்ஸ்

டக்... டக்... டக்...

“இந்த வருஷம் மல்லாட்டை வெளைச்சல் எப்படி?” என்று சவுரிராயன் சட்டென்று பேச்சை வேர்க்கடலைக்கு மாற்றினான்.

காப்பிக் கடையே சிரித்தது. வாசலில் ஏட்டு சுப்பராயலு. நாலு முழ வேட்டி, தலையில் முண்டாசு, காலில் மட்டும் லாடம் அடித்த போலீஸ் பூட்ஸ்.

“வாங்க ஏட்டய்யா! மாறுவேஷம் பிரமாதங்க!” என்றாள் கடைக்காரி பூமாலை.

ஏட்டு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

யுத்த காலம். திண்டிவனம் சர்க்கார் கிடங்கில் சவுரிராயன் எடை போடுகிறவன். ரேஷன் அரிசி கோட்டக்குப்பம் வழியாகப் பிரெஞ்சு எல்லையைத் தாண்டுவதைக் கண்டுபிடித்து, மேலிடத்தில் சொன்னான். சர்க்கார் சும்மா இருக்குமா? உடனே காவல் போட்டது. அரிசிக்கு அல்ல, சவுரிராயனுக்கு. வெளியே அரிசி என்று வாயைத் திறந்தால் ஜெயில்.

அவன் திறக்காத நாளில்லை. தெருமுனையில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் பேச்சு மல்லாட்டைக்குத் தாவிவிடும்.

“தினம் மல்லாட்டைன்னே ரிப்போர்ட் குடுத்துக்கினு இருக்கியே, நீ போலீஸா, மண்டி தரகனாய்யா?” என்று கத்திய இன்ஸ்பெக்டர், சுப்பராயலுவை விழுப்புரம் சப்-ஜெயில் காவலுக்குத் தூக்கியடித்தார்.

அன்று சவுரிராயனுக்கு ஒரே குஷி.

“கழுதைக்கு லாடம் அடிச்சி வேவு பாக்க அனுப்புனா வேற என்னா ஆவும்? கேளு பூமாலை, நேத்தும் நாலு வண்டி அரிசி எல்லை தாண்டிப் போச்சு!”

பக்கத்துப் பெஞ்சில் புது ஆள் ஒருவன் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான். வெறுங்கால்.

கோர்ட்டில் சவுரிராயன் கைகூப்பினான். “நான் சொன்னது நெசமுங்க.”

“அதுதான் குற்றம்,” என்றார் மாஜிஸ்திரேட். “பொய்யென்றால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். நிஜமென்றால் பீதி பரவும். ஆறு மாதம்.”

சப்-ஜெயிலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன் முன்னால், கம்பி வழியே ஒரு தண்ணீர்க் குவளை நீண்டது. நிமிர்ந்தான். சுப்பராயலு. அதே பூட்ஸ். வந்த சத்தமே கேட்கவில்லை.

“லாடம் எங்க, ஏட்டய்யா?”

“புடுங்கிட்டேன். சர்க்கார் பூட்ஸுக்கு ஏதுடா லாடம்? உன் பின்னால போவச் சொன்ன அன்னிக்கி நானா அடிச்சிக்கினதுதான்.”