பூட்டு போட்ட பக்கம்

கொண்டுவந்த மலர்வளையத்தை வரவேற்பு மேஜையின்மேல் தொப்பென்று வைத்தார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அதன் ரிப்பனைச் சுருட்டிப் பூக்களுக்குள் செருகியிருந்தார்.

"சார், இதையெல்லாம் இங்க வைக்கக் கூடாது" என்றாள் அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் வரவேற்புப் பெண்.

"உங்களோடதுதான். நீங்களே வெச்சுக்குங்க."

துக்கத்தில் இருப்பவர் ஏதோ பேசுகிறார் என்று அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வளையத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

அவர் செல்போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். அவர்களுடைய இணையதளம்தான். 'விடைபெற்றார் கறார்' என்று ஒரு தலைப்பு, கீழே இரண்டு வரி, அதற்கும் கீழே பூட்டுப் படம். மேலே படிக்க வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும்.

"இதை நான் முழுசா படிக்கணும். சந்தா கட்ட மாட்டேன்."

அவளுக்கு அலுத்துவிட்டது. இணையப் பக்கங்களுக்குப் பூட்டு போட்டதிலிருந்து வாசகர்களிடம் அவள்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள். "எல்லாருக்கும் ஒரே விதிதான் சார். நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா?"

"தாராளமா கொடுங்க. ஆனா இத்தனை வருஷமா வாங்க, சும்மா படிங்கன்னு கதவைத் திறந்து வெச்சது யாரு? நல்லாப் பழக்கிவிட்டுட்டு, ஒருநாள் காலைல மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்திட்டீங்க. வாசகனை ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் கடைல நான் இப்படிப் பண்ணினா கண்ணாடியை என் மேலயே விட்டெறிவாங்க."

பெயர் மாற்ற விளம்பரம் கொடுக்க வரிசையில் நின்ற டீச்சருக்குக் குஷியாகிவிட்டது. "நல்லாக் கேளுங்க சார். எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர்தான் கட்டறாரு. அவர் பாஸ்வேர்டுல மொத்த ஸ்கூலும் படிக்குது."

"நான் தலைப்பை மட்டும் படிச்சுக்குவேன்" என்றார் காகித உருளை இறக்க வந்த லாரி டிரைவர். "மிச்சத்தை நானே யோசிச்சுக்குவேன். பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள், கடைக்காரரைத் தவிர. "மாமியார் தவறிப்போய் ஊருக்குப் போயிருந்தேன். இன்னைக்குத்தான் கடை திறந்தேன். திறந்ததும் திறக்காததுமா இந்தச் செய்தி. படிக்காம நகர மாட்டேன்."

"முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க சார்."

"படிச்சுட்டுச் சொல்றேன். இப்பவே சொன்னா அதை எடுத்துடுவீங்க. உள்ள என்ன எழுதியிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாமலே போயிடும்."

வம்பு கோர்ட்டு வரைக்கும் போய்விடுமோ என்று பயந்து அவள் உள்ளே போன் செய்தாள். வாசகர் கடிதப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர் இறங்கி வந்தார். அந்தக் கட்டுரையை எழுதியவரும் அவர்தான். வளையத்தைப் பார்த்ததுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்களும் பூ வாங்கிட்டு வந்துட்டீங்களா சார்? நான் கறாரை நேர்ல பார்த்ததே இல்ல. புனைபெயர்தான் தெரியும். ஆனா தினமும் ஒரு கடிதம் போட்டு எங்களை வறுத்தெடுப்பாரு. தலைப்புல தப்பு, படத்துல தப்பு, மழை வரும்னு போட்டு வராமப் போனது, எதையும் விட மாட்டாரு. அவர்கிட்ட திட்டு வாங்காம எனக்கு அன்னைக்கு வேலையே ஓடாது."

"அப்புறம்?"

"பூட்டு போட்டதுல இருந்து ஒரு வரி வரல. மனுஷன் இதுக்கு நாலு பக்கம் திட்டுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். இதுக்கே எழுதலேன்னா உடம்புக்குத்தான் ஏதோன்னு, கடிதத்துல இருந்த விலாசத்துக்கு ஆள் அனுப்பினேன். பூட்டின கதவுல 'துக்கம்'னு எழுதி ஒட்டியிருந்துச்சாம். அழுதுக்கிட்டேதான் சார் அந்தக் கட்டுரையை எழுதினேன்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "கோபத்துல எழுதாம இருந்திருக்கலாம் இல்லையா? என்னை ஓசில படிக்க விடல, நான் மட்டும் உங்களுக்கு எதுக்கு ஓசில எழுதணும்னு?"

"கறாரா? அவரால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது சார்."

டீச்சர் களுக்கென்று சிரித்துவிட்டு, சாவு விஷயம் என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி. அந்தக் கட்டுரையைக் காட்டுங்க" என்றார் கடைக்காரர்.

"மன்னிச்சுக்குங்க. வேற எதைக் கேட்டாலும் திறந்து காட்டறேன். இதை மட்டும் ஓசில காட்ட மாட்டேன். காசு கட்டிப் படிக்கிறதுதான் சார் அவருக்கு நாம செய்யற மரியாதை."

கடைக்காரர் வளையத்தை இழுத்து, செருகியிருந்த ரிப்பனை உருவி நீட்டினார். 'ஆசிரியர் குழுவின் அஞ்சலி' என்று அதில் அச்சாகியிருந்தது. காலையில் உதவி ஆசிரியரே கறாரின் விலாசத்துக்கு அனுப்பிவைத்த வளையம் அது.

"நான் செத்ததைப் படிக்க நானே காசு கட்டணுமா?"