காதோரம் இரண்டு பாதங்கள்

"சார், பாப்பா காலை நேரா நீட்டித் துணியில இறுக்கிக் கட்டினது நீங்களா?" நர்ஸ் கேட்க, மாமா திருதிருவென முழிக்கிறார். "வளைஞ்சு இருந்துச்சு சிஸ்டர், நேராக்கலாம்னு..." "குழந்தை என்ன கம்பியா, நிமிர்த்துறதுக்கு?" கட்டிலில் அக்கா சிரிப்பை அடக்குகிறாள். துணியை அவிழ்த்ததும் குட்டிக் கால்கள் இரண்டும் மெல்ல எழுந்து காதோரம் போய் நிற்கின்றன. அக்கா வயிற்றுக்குள்ளும் பாப்பா இப்படித்தான் மடங்கி இருந்தாளாம். நேற்று தலைக்குப் பதிலாகப் பின்புறம்தான் முதலில் வந்தது. அப்படிப் பிறந்தால் இடுப்பு மூட்டு நழுவியிருக்கலாம் என்று டாக்டர் பார்க்க வந்திருக்கிறார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, தொடைகளைப் பிடித்து மெதுவாக விரிக்கிறார். அவர் கண் ஜன்னல் வெயிலில் இருக்கிறது, கவனமெல்லாம் விரல்நுனியில். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "ரெண்டு பக்கமும் நல்லா இருக்கும்மா. எதுக்கும் ஆறு வாரத்துல ஒரு ஸ்கேன் பார்த்துடுவோம்." அவர் கையை எடுத்ததுமே பாதங்கள் மறுபடி காதோரம்! மாமாவின் கை தன்னையறியாமல் நீள்கிறது. நர்ஸ் முறைக்க, பின்வாங்குகிறது. பாப்பாவின் மூக்கருகே அவளுடைய கால் கட்டைவிரல் ஒன்று அசைகிறது. வெளியே வந்துவிட்ட சேதி கால்களுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லையோ? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?