சுவருக்கு அந்தப் பக்கம்

"தோள் நல்லாயிடுச்சு, டிரைவர் சார். இனி நீங்க வர வேண்டாம்" என்றார் பிசியோதெரபி அம்மா.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "சுவர்ல விரலை ஏத்தற பயிற்சி?"

"அதையும் விட்டுடலாம்."

"விட்டா திரும்ப இறுகிடாதா? சர்க்கரை கொலாஜன்ல ஒட்டிக்கிட்டா மூட்டெல்லாம் இறுகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். தோலும் மூட்டும் வளைஞ்சு கொடுக்கறதே அந்த கொலாஜன் நாராலதான். சர்க்கரை ஏறினா அது விறைச்சுப் போகும். உங்களுக்குத்தான் இப்ப கட்டுக்குள்ள இருக்கே. கையை வீசி நடங்க, போதும். என்ன சார், எல்லாரும் எப்ப விடுவீங்கன்னு கேட்பாங்க, நீங்க அழுதுடுவீங்க போலிருக்கே."

அவர் கஷ்டம் அவருக்கல்லவா தெரியும். மனைவி போனபின் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. மகன் எப்போதாவது போன் செய்வான், அதுவும் அரக்கப்பரக்க. அடுத்த வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். சாயங்காலம் அதில் அவர் விரல்களை டக் டக்கென்று நடத்தினால், அந்தப் பக்கமிருந்தும் டக் டக்கென்று வரும். முகம் தெரியாத யாரோ பதில் சொல்கிறார்கள். சுவரோடு பேசுவது என்பார்களே, அது அவருக்கு நிஜமாகவே வாய்த்திருந்தது. அதைப் போய் யாராவது விடுவார்களா?

அன்று சாயங்காலமும் தட்டினார். பதில் இல்லை. பலமாகத் தட்டினார். ஒரு சத்தமும் இல்லை.

அங்கேயும் தனி ஆளாக இருந்து, விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினார். தட்டிக்கொண்டே நின்றார்.

ஒருவழியாகத் திறந்தது அவர் வயதுப் பெண்மணி. நல்லபடியாகத்தான் இருந்தார்.

"பக்கத்து வீடும்மா" என்றார் உரக்க. "தினமும் சுவர்ல சத்தம் வருமே, இன்னிக்குக் காணோமேன்னு..."

"ஐயோ, தொந்தரவா இருந்துச்சா? மன்னிச்சுக்கோங்கண்ணா. எனக்குக் காது மந்தம், அந்தப் பக்கம் கேட்கும்னே தெரியல. சர்க்கரையால தோள் பிடிச்சுக்கிச்சு. சுவர்ல விரலை ஏத்தச் சொல்லியிருந்தாங்க. நல்லாயிடுச்சு, விட்டுடலாம்னு இன்னிக்குத்தான் சொன்னாங்க. இனிமே சத்தம் வராது."

அவர் தன் தோளைத் தடவிக்கொண்டார்.

"விட்டுடாதீங்கம்மா" என்றார். "திரும்ப இறுகிடும்."