சீட்டுக்கட்டில் இல்லாத கப்பல்

விமானி நாற்பத்தோராவது அட்டையையும் தள்ளி வைத்தான். அதுவும் இல்லை.

மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவருக்குத் விமானத்தளம் முழுக்க சீட்டுக்காரர் என்றுதான் பெயர். எதிரிப் போர்க்கப்பல்களைக் கறுப்பு நிழலாக வரைந்த அட்டைகளைக் காட்டி, மேலிருந்து பார்த்தால் எது எந்தக் கப்பல் என்று விமானிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. சாப்பாட்டு மேசையில் அவரைக் கண்டால், ஆட்டத்துக்கு ஒரு கை குறைகிறது என்று விமானிகள் கிண்டலடிப்பார்கள்.

ஆறு மாதமாக வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த இந்த விமானி, இன்று காலை ஒரு கப்பலை மூழ்கடித்துவிட்டு வந்திருக்கிறான். மேகம் சற்று விலகிய நேரத்தில் இரண்டு குண்டு. இரண்டுமே நடுவில் விழுந்தன. பதினொரு நிமிடத்தில் கப்பல் கவிழ்ந்து உள்ளே போய்விட்டது.

எந்தக் கப்பல் என்பதுதான் தெரியவில்லை. பெயர் தெரிந்தால்தான் அது அவன் கணக்கில் சேரும், மாலை வானொலியிலும் வரும். பக்கத்து அறையில் தந்திக்காரர் அதற்காகவே காத்திருந்தார்.

இன்னும் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாத விமானி, அட்டைக்கட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினான். விரல் பரபரத்தது.

"மூணு புகைபோக்கி சார். நடுவுல இருக்கிறது மட்டும் குட்டை. கண்ணுக்குள்ளயே நிக்குது."

சீட்டுக்காரர் கட்டின் மேல் கை வைத்து அவனை நிறுத்தினார்.

எதிரியிடம் அப்படி ஒரு கப்பல் கிடையாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் அதைச் சொல்லிவிடுவார்.

எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டைத் துழாவி, இன்னொரு சின்ன அட்டைக்கட்டை எடுத்துவந்தார். பதினான்கு அட்டைகள். சுற்றியிருந்த ரப்பர் வளையம் காய்ந்துபோய், இழுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒவ்வொன்றாக வைத்தார். வேறு ஏதாவது ஒன்றாக இருந்துவிடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஐந்தாவது அட்டையில் விமானி மேசையை ஓங்கித் தட்டினான்.

"இதேதான் சார்! இதை ஏன் எங்களுக்குக் காட்டவே இல்ல?"

பயிற்சிக்குக் கொடுத்தது மூன்றே வாரம். எதையாவது குறைத்தால்தான் முடியும் என்ற நிலை. சொந்த வீட்டு ஆட்களைப் படம் காட்டியா அறிமுகம் செய்வார்கள் என்று, நம் கப்பல்களின் அட்டைகளை மட்டும் உருவி ஒதுக்கி வைத்தவர் அவர்தான். நல்ல யோசனை என்று அன்று மேலதிகாரி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவருக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று.

பெயர் அட்டையின் பின்பக்கம் இருக்கும். விமானி முகமெல்லாம் சிரிப்பாக அதைத் திருப்பினான்.