சத்தமில்லாத கோல்

கடைசி நிமிடத்திலும் மோகனூர்ச் சிறுமிகள் பந்தைத் தூக்கி அடிக்கவில்லை. தரையோடு தரையாகப் பத்து பாஸ் கொடுத்து, கோல் போட்டு, கால்பந்துக் கோப்பையை வென்றார்கள். ஆனால் ஒருத்தியும் கத்தவில்லை. ஆட்டம் முழுக்கப் பந்தைக் கேட்டதுகூடக் கைச்சாடையில்தான்.

தோற்ற அணியின் கோச் அலெக்ஸுக்கு மனசு இளகியது. கேப்டன் தமிழினியிடம் வந்து சைகையிலேயே பாராட்டினார்.

"தேங்க்ஸுங்க சார்."

"நீ பேசுவியாம்மா?" என்று திகைத்தார்.

மோகனூர் கோச் கோகிலவாணி சிரித்தார். "நாங்க வெளையாடிப் பழகறது கோழிப்பண்ணைக்காரர் எடத்துலங்க சார். பந்து கொட்டகை மேல உழுந்தாலும், புள்ளைங்க கத்தினாலும் கோழி மெரண்டு முட்டை கொறஞ்சிருமுங்க."

பிறகு அணியைப் பார்த்து, "இங்க கோழி இல்ல சாமி, கத்துங்க!" என்றார்.

சிறுமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழினி முதலில் மெதுவாகத்தான் கத்திப் பார்த்தாள்.