வீணாய்ப் போன டைம் அவுட்

"அடுத்த கோச் எப்படிப்பட்ட ஆளா இருக்கணும்? மனசுல பட்டதைச் சொல்லுங்க," என்றார் டீம் முதலாளி.

கேப்டன் யோசிக்கவே இல்லை. "டைம் அவுட்டை வீணாக்காத ஆளா இருக்கணும் சார். அது போதும்."

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்கள் குனிந்து சிரித்தார்கள். இப்போதிருக்கும் கோச்சுக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'தண்ணி லாரி'.

சும்மா ஒன்றும் வைக்கவில்லை. பாஸ்கெட்பாலில் ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்தக் கோச்சுக்கு உரிமை உண்டு. அதுதான் டைம் அவுட். ஆனால் எண்ணி இரண்டு மூன்று தடவைதான் கிடைக்கும். விவரமான கோச் அதைக் கடைசி நேரத்துக்கென்று பொத்திப் பொத்தி வைப்பான். இவரோ, டீம் நன்றாக முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுவார். எடுத்ததுதான் எடுத்தார், ஏதாவது திட்டம் சொல்வாரா? "உக்காருங்கப்பா, தண்ணி குடிங்க" என்பார். அவ்வளவுதான்.

போன வாரம் ஃபைனல். ஒரே ஒரு பாயின்ட் பின்னால். சில விநாடிதான் பாக்கி. பந்து இவர்கள் கையில். ஆட்டத்தை நிறுத்தி, யார் எறிவது என்று பேசிக்கொள்ள வேண்டும். கோச்சிடம் டைம் அவுட் இல்லை. எல்லாம் தண்ணி குடித்தே தீர்ந்துபோயிருந்தது. ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். கோப்பை போச்சு.

"ஆனா மனுஷன் தங்கம்ணே," என்று இழுத்தான் ஏணி. டீமிலேயே உயரமானவன், வயசில் சின்னவன்.

"தங்கம்னா லாக்கர்ல வச்சுப் பூட்டு," என்றான் கேப்டன். " எனக்குக் கோப்பை வேணும்."

மறுபடியும் சிரிப்பு. கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு முப்பத்தாறு வயசு சார். ஒரே ஒரு தடவை இவர் என்னைப் பாதியில வெளியே கூப்பிட்டு பெஞ்ச்ல உக்கார வச்சார். ஒரு வாரம் நான் அவர்கூடப் பேசலை. அதுக்கப்புறம் கூப்பிட்டதில்லை. முழு மேட்சும் உயிரைக் கொடுத்து ஆடுறேன். இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அதுக்குள்ள ஒரு கோப்பையாவது தூக்கிடணும். இவர் இருந்தா நடக்காது."

கேப்டன் சொன்னால் அந்த டீமில் மறுபேச்சு கிடையாது. அன்று சாயங்காலமே கோச்சுக்கு வேலை போனது.

உடை மாற்றும் அறையில் அவர் தன் ஷூவைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். கேப்டன் போய் நின்றான்.

"வாப்பா. நீதான் சொன்னியாமே." சிரித்தபடிதான் கேட்டார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"டீமுக்காகத்தான் சார் சொன்னேன்."

"தெரியும்."

"அன்னிக்கு எல்லா டைம் அவுட்டையும் ஏன் சார் முன்னாடியே எடுத்தீங்க? அப்ப நாம ஜெயிச்சுக்கிட்டுத்தானே இருந்தோம்?"

அவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"கணக்கு தப்பிப்போச்சுப்பா. வேற என்ன."

ஒரு காரணம்கூடச் சொல்லத் தெரியவில்லையே என்று கேப்டனுக்கு எரிச்சலாக வந்தது. கை கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

கேப்டன் கேட்ட மாதிரியே புது கோச் கிடைத்தார். கேப்டனைவிட ஒரு வயசு சின்னவர். அளந்து பேசுவார். புது சீசனின் முதல் மேட்சில் பாதி ஆட்டம் முடிந்தும் ஒரு டைம் அவுட்கூடச் செலவாகவில்லை.

"இதான்டா கோச்," என்று ஏணியின் முதுகில் தட்டினான் கேப்டன்.

ஆட்டத்தின் நாலு குவார்ட்டரில் மூன்றாவது. டீம் முன்னால்தான் இருந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலைந்து ஓட்டம் விடாமல் ஓடியதில் கேப்டனுக்குக் கண் முன்னால் பூச்சி பறந்தது. நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றான். அவனை அறியாமலே கண் பெஞ்ச் பக்கம் போனது.

புது கோச் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றார். டைம் அவுட் கேட்கவில்லை. ஆட்டம் நிற்கவில்லை.

"அண்ணே, மூஞ்சி வெளுத்திருக்கு. வெளியே போங்கண்ணே," என்றான் ஏணி.

"நீ உன் ஆளைப் பாருடா."

வந்த பந்து கை நழுவிப் போனது. எதிராளி கொண்டுபோய்ப் போட்டான். அடுத்த பந்தும் அப்படியே. கூட்டத்தில் யாரோ, "கேப்டனைத் தூக்குங்கப்பா," என்று கத்தினார்கள்.

ஒரு வழியாகக் குவார்ட்டர் முடிந்தது. நாற்காலியில் போய் விழுந்தான். புது கோச் தண்ணீர் பாட்டிலோடு வந்து, அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் காதில் விழாமல் பேசினார்.

"வேலையில சேர்ந்த அன்னிக்கு உங்க பழைய கோச்சுக்கு ஃபோன் பண்ணேன். டீமைப் பத்தி ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்."

கேப்டனுக்கு இன்னும் மூச்சு திரும்பவில்லை. பாட்டிலை வாங்கி ஒரு மடக்கு குடித்தான்.

"'கேப்டனுக்கு மூச்சு வாங்குச்சுன்னா உடனே ஒரு டைம் அவுட் எடுத்துடுங்க. வெளியே மட்டும் கூப்பிட்டுடாதீங்க, தாங்க மாட்டான்'னு சொன்னார். முதலாளி என்னடான்னா, டைம் அவுட்டை வீணாக்கவே கூடாது, அது கேப்டன் போட்ட கண்டிஷன்கிறார்."

கேப்டன் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"நீங்களே சொல்லுங்க கேப்டன். நான் யார் பேச்சைக் கேக்கட்டும்?"